வாசகர் கேள்வி – பதில்: டோக்கியோவைச் சுற்றிப் பார்க்கப் புறப்படுவோருக்கு

வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஜப்பானுக்குச் சென்ற பிள்ளைகளைப் பார்ப்பதற்கு மலையகத்திலிருந்து பெற்றோரும் உடன்பிறந்தோரும் புறப்படுகின்ற காலம் இது. அவர்களிடமிருந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை டோக்கியோ நகரைப் பற்றியவையாக இருப்பதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்நகருக்கே ஒதுக்கியிருக்கின்றோம்.

என் தம்பி டோக்கியோவுக்கு அருகே முதியோர் பராமரிப்புப் பணியில் இருக்கிறான். ஐந்து நாள் அவனுடன் தங்கப் போகிறேன். பார்க்க வேண்டிய இடங்கள் என்று தோழிகள் முப்பது பெயர்களை எழுதித் தந்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியுமா?
– ஆசிரியை ஒருவர், தலவாக்கலை

முடியாது, முயலவும் வேண்டாம். டோக்கியோ மாநகரில் ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பேர் வாழ்கின்றனர். அதைச் சூழ்ந்துள்ள நகரங்களையும் சேர்த்தால் அத்தொகை 3 கோடியே 70 இலட்சத்தை எட்டும்; அதாவது, இலங்கையின் மொத்தச் சனத்தொகையை விடவும் பெரிய கூட்டம் ஒரே நகர்ப்பரப்பில் இருக்கிறது. அதனை ஒரே ஊர் என்று எண்ணித் திட்டமிடுபவர்கள் பகற்பொழுதில் பாதியைப் புகையிரதத்திலேயே கழித்துவிட்டு, கால்வலியோடு அறைக்குத் திரும்புகிறார்கள். பல ஊர்கள் அருகருகே அமைந்த ஒரு தொகுதியாக அதை நினைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கே இறங்கியபின் நடந்தே பார்ப்பதுதான் சரியான வழி.

இதற்கு யமனோத்தே என்னும் வட்டப்பாதை உங்களுக்குத் துணை நிற்கும். 34.5 கிலோமீற்றர் நீளமும் 30 நிலையங்களும் கொண்ட இப்பாதையில் இளம்பச்சைக் கோடிட்ட புகையிரதங்கள் சில நிமிடங்களுக்கு ஒன்றாக ஓடுகின்றன. ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். உவேனோ, டோக்கியோ, ஷிபுயா, ஹரஜுக்கு, ஷின்ஜுக்கு ஆகிய இடங்கள் யாவும் இவ்வட்டத்தின் மேலேயே இருக்கின்றன. தவறான திசையில் ஏறிவிட்டாலும் அஞ்ச வேண்டியதில்லை. வட்டம் உங்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும்.

முதல் நாளைக் கிழக்குப் பக்கத்துக்குக் கொடுங்கள். அசக்குசாவிலுள்ள சென்சோஜி ஆலயத்துக்குக் காலை எட்டு மணிக்கு முன்னரே சென்றுவிட்டால், கமினரிமொன் வாயிலின் பெரிய சிவப்பு விளக்கையும் அதற்கு அப்பாலுள்ள கடைத்தெருவையும் நெரிசலின்றிப் பார்க்கலாம். பிற்பகலில் உவேனோ பூங்காவும், 1872-இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகமும் போதும். இரண்டாம் நாள் மேற்குப் பக்கம். காலையில் மெய்ஜி ஆலயத்தின் காட்டுக்குள் நடந்து செல்லுங்கள். நூறாண்டுகளுக்கு முன்னர், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய ஏறத்தாழ ஒரு இலட்சம் மரங்களை நட்டு மனிதர்கள் உண்டாக்கிய காடு அது; இன்று உள்ளே நிற்பவருக்கு நகரத்தின் இரைச்சல் கேட்பதே இல்லை. மாலையில் ஷிபுயாவின் நாற்சந்தியில், விளக்கு மாறியவுடன் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆட்கள் ஒரே நேரத்தில் கடந்து செல்வதைப் பாருங்கள். இறந்துபோன எசமானுக்காக அந்நிலைய வாசலில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் காத்திருந்து 1935-இல் இறந்த ஹச்சிக்கோ என்னும் நாயின் சிலையும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் நாள் நடுப்பகுதி: பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டமும், 1914-இல் செங்கல்லால் கட்டப்பட்ட டோக்கியோ நிலையமும். அத்தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் திங்கள், வெள்ளிக் கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். நான்காம் நாளை நகருக்கு வெளியே செலவிடுங்கள். அதைப் பற்றிக் கீழே மற்றொரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐந்தாம் நாளுக்கு எந்தத் திட்டமும் போடாமல் தம்பியின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். அவர் வழக்கமாகப் போகும் கடையும், வாழும் தெருவும் அந்த முப்பது பெயர்களுக்குள் இருக்கப் போவதில்லை.

ஷின்ஜுக்கு நிலையத்தைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. ஒரு நாளில் 30 இலட்சத்துக்கும் அதிகமானோர் கடந்து செல்லும் அந்நிலையத்துக்கு இருநூறுக்கு மேற்பட்ட வாசல்கள் உண்டு. “நிலையத்தில் சந்திப்போம்” என்று பேசிக்கொண்டால் சந்திக்கவே மாட்டீர்கள். எந்த வாசல் என்பதைப் பெயரோடு குறித்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாத இறுதியில் போவதா, ஓகஸ்ட் விடுமுறையில் போவதா? குளிர் எப்படி இருக்கும்?
– பல்கலைக்கழக மாணவி, நுவரெலியா

ஓகஸ்ட் வேண்டாம். நுவரெலியாவின் காற்றில் வளர்ந்த உடம்புக்கு டோக்கியோவின் ஓகஸ்ட் வெயில் கொழும்பு வெயிலை விடவும் கடுமையாகத் தோன்றும். 35 பாகை வெப்பமும் வியர்வை உலராத ஈரக்காற்றும் அங்கே சாதாரணம். ஜூன் தொடக்கம் ஜூலை நடுப்பகுதி வரை மழைக்காலம், செப்டெம்பரில் சூறாவளிகள். மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் செர்ரி மலர்கள் பூப்பது உண்மைதான். அந்நாட்களில் தங்குமிடக் கட்டணம் உயர்ந்து, இடம் கிடைப்பதும் அரிதாகிவிடும். என் பரிந்துரை நவம்பர் மாத இறுதி. மேப்பிள், கிங்கோ மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நிறம் மாறும் பருவம் அது. வானம் தெளிவாக இருக்கும். நீங்கள் வீட்டில் உடுத்தும் கம்பளிச் சட்டையே அநேகமாகப் போதும். சனவரியில் இரவு வெப்பநிலை பூச்சியத்தை நெருங்கினாலும், நம்மூர் மழைக்குளிர் போல எலும்புக்குள் இறங்காத உலர்ந்த குளிராகவே இருக்கும்.

அறுபத்தைந்து வயதான அம்மாவை அழைத்துப் போகிறோம். ஒரு கோயிலாவது கும்பிட வேண்டும் என்கிறார். அங்கே நம் கோயில் ஏதும் இருக்கிறதா? அவருக்கு முழங்கால் வலியும் உண்டு.
– வாசகர், பதுளை

உங்கள் அம்மாவுக்கு நல்ல செய்தி சொல்ல முடிவதில் மகிழ்ச்சி அடைகிறேன். டோக்கியோவில் பிள்ளையாரையும் சரஸ்வதியையும் கும்பிடலாம். ஜப்பானியரே பல நூற்றாண்டுகளாகக் கும்பிட்டு வருகிறார்கள். பாரதத்திலிருந்து பௌத்தம் சீனா, கொரியா வழியாக ஜப்பானைச் சென்றடைந்தபோது, அதனுடன் நம் தெய்வங்களும் சென்றன. விநாயகர் அங்கே காங்கித்தென் அல்லது ஷோதென் எனவும், சரஸ்வதி பென்சைத்தென் எனவும், இந்திரன் தைஷாக்குதென் எனவும், குபேரன் பிஷாமொன்தென் எனவும் வழிபடப்படுகின்றனர்.

சென்சோஜியிலிருந்து சுமிதா ஆற்றோரமாகச் சற்று நடந்தால், மரங்கள் சூழ்ந்த ஒரு சிறு மேட்டின் மேல் மத்சுச்சியாமா ஷோதென் என்னும் கோயில் இருக்கிறது. யானைமுகம் கொண்ட அம்மூர்த்தியை எவருக்கும் திறந்து காட்டுவதில்லை. மூடிய சன்னிதியின் முன்னேதான் வழிபாடு நடக்கிறது. நாம் அறுகும் மோதகமும் படைப்பது போல அங்கே முள்ளங்கி படைக்கிறார்கள். அடியார்கள் கோயிலிலேயே முழு வெள்ளை முள்ளங்கியை வாங்கி இரு கைகளாலும் ஏந்திச் சென்று சன்னிதியின் முன்னுள்ள தட்டில் வைக்கிறார்கள்; படிக்கற்களிலும் விளக்குகளிலும் முள்ளங்கியும் பணப்பையும் செதுக்கப்பட்டிருக்கின்றன. முள்ளங்கி உடல்நலத்தையும் குடும்ப ஒற்றுமையையும், பணப்பை வியாபார விருத்தியையும் குறிக்கும் என்பது அங்குள்ளோரின் நம்பிக்கை. படைத்து இறக்கிய முள்ளங்கிகளை வருவோர் பிரசாதமாக எடுத்துச் செல்லலாம். முழங்கால் வலியை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். படியேற இயலாதவர்களுக்காக மேட்டின் அடியிலிருந்து மேலே செல்ல ஒரு சிறிய தண்டவாள வண்டி வைத்திருக்கிறார்கள்.

உவேனோ பூங்காவின் ஷினோபாசு குளத்தின் நடுவே, தாமரைகளுக்கு மத்தியில் எண்கோண வடிவில் நிற்பது பென்சைத்தெனின் கோயில். 1945-ஆம் ஆண்டின் குண்டுவீச்சில் அழிந்து 1958-இல் மீளக் கட்டப்பட்டது. வீணையைப் போன்ற பிவா என்னும் நரம்பிசைக் கருவியின் கற்சிலை வெளியே இருக்கிறது. அதன் சுற்றுப்புறத்தில் நிற்கும் நினைவுக்கற்களையும் அவசரப்படாமல் பாருங்கள்: மனிதருக்கு உணவான மீனுக்கு ஒரு கல், சமையற்கத்திக்கு ஒரு கல், மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கல். ஆயுத பூசையன்று கொழுந்துக் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் பொட்டு வைத்துக் கும்பிடும் நம் அம்மாமாருக்கு அக்கற்களின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருக்காது. ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் குளம் நிறையத் தாமரை பூத்திருக்கும்.

பௌத்த ஆலயத்தில் கைகூப்பி அமைதியாக வணங்க வேண்டும், கைதட்டக் கூடாது. மெய்ஜி ஆலயம் போன்ற, ஜப்பானின் மரபுச் சமயமான ஷிந்தோவின் ஆலயங்களில் இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது முறை. சன்னிதிக்கு நேரே நின்று படம் எடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

புகையிரதத் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே புகையிரதங்களையே முக்கியமாகப் பார்க்க விரும்புகிறேன்.
– வாசகர், நானுஓயா

அப்படியானால் ஒரு முழு நாளை ஓமியாவிலுள்ள புகையிரத அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். டோக்கியோ நிலையத்திலிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேலான பயணம். 1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதலாவது புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது ஓடிய முதலாம் இலக்க இயந்திரத்தை அங்கே காணலாம். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை நமது முதற் புகையிரதம் 1864-இலேயே ஓடிவிட்டது என்பதை அதன் முன் நிற்கும்போது நீங்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். அதே மண்டபத்தில், 1964 அக்டோபரில் மணிக்கு 210 கிலோமீற்றர் வேகத்தில் ஓடத் தொடங்கிய முதலாவது ஷின்கன்சென் (அதிவேகப் புகையிரதம்) வகை வண்டியும் நிற்கிறது. தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளில் ஒரு நாடு கடந்த தூரத்தை ஒரே கூரையின் கீழ் பார்க்கும் வாய்ப்பு அது. செவ்வாய்க் கிழமைகளில் மூடுவார்கள்.

நகரத்துக்குள் ஓடும் வண்டிகளில் முதற்பெட்டியில் ஏறி, சாரதியின் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பாருங்கள். சமிக்ஞை ஒவ்வொன்றும் நெருங்கும்போது, வெள்ளைக் கையுறை அணிந்த சாரதி அதை விரலால் சுட்டி, அதன் நிலையை வாய்விட்டுச் சொல்வார். அருகில் எவரும் இல்லாத போதும் இதைச் செய்வார். கண் பார்த்ததைக் கையும் வாயும் உறுதிப்படுத்தினால் கவனம் சிதறாது என்பது இதன் நோக்கம். ஒற்றைத் தண்டவாளத்தில், அடுத்த நிலையம் வரை செல்ல அனுமதியாகத் தரப்படும் டெப்லட் என்னும் வில்லை கையில் கிடைக்கும் வரை வண்டியை நகர்த்தாத மலைநாட்டுப் பாதையின் ஒழுக்கத்தை அறிந்த உங்களுக்கு, அந்த விரலின் அருமை மற்றவர்களை விட நன்றாகப் புரியும்.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை சுயிக்கா அல்லது பஸ்மோ அட்டை ஒன்றை வாங்கிப் பணம் நிரப்பிக்கொண்டால் புகையிரதம், சுரங்கப் பாதை, பஸ், சிறுகடை அனைத்துக்கும் உதவும். சுற்றுலாப் பயணிகளுக்கான 24, 48, 72 மணி நேரச் சுரங்கப் பாதைச் சீட்டு மலிவானது. ஆனால் அது யமனோத்தே வண்டியில் செல்லுபடியாகாது என்பதைத் தெரியாமல் வாங்கிவிட்டுப் பலர் வாயிலில் தடுமாறுகிறார்கள். காலை ஏழரை முதல் ஒன்பது வரை பெட்டி மூட்டைகளோடு ஏற வேண்டாம்.

வெள்ளிக்கிழமைகளில் மச்சம் சேர்ப்பதில்லை. சைவச் சாப்பாடு கிடைக்குமா? – வாசகி, ஹட்டன்
ஹலால் உணவும் தொழுகைக்கு இடமும் கிடைக்குமா? – வாசகர், அக்குறணை

இரண்டுக்கும் வழி உண்டு. ஆனால் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். வெறும் மரக்கறிச் சூப்பாகத் தோன்றுவதிலும் மீன் கலந்திருக்கும். ஜப்பானியச் சமையலின் அடிப்படையான தாஷி என்னும் சாறு பெரும்பாலும் கட்சுவோபுஷியிலிருந்து எடுக்கப்படுகிறது. அது நாம் சம்பலுக்கு இடித்துப் போடும் மாசியேதான் என்று சொல்லலாம். அதே சூரை வகை மீனை அவித்து, புகையூட்டி, கட்டையாக உலர்த்திச் சீவி எடுக்கிறார்கள். ஆகவே மிசோ சூப்பும் நூடில்ஸ் சாறும் வெள்ளிக்கிழமை விரதத்துக்கு ஆகாது. ராமென் என்னும் நூடில்ஸ் வகையின் சாறு பலவேளைகளில் பன்றி எலும்பில் கொதித்தது. கடைகளில் கிடைக்கும் ஜப்பானியக் கறியில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கக் கூடும்.

ஹட்டன் வாசகி, நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்வதால் அங்கே இந்தியச் சைவ உணவு கிடைக்கும். பௌத்த மடங்களின் மரபான ஷோஜின் சமையலில் மீனோ இறைச்சியோ சேர்ப்பதில்லை. ஒருமுறையாவது அதை உண்டு பாருங்கள். அக்குறணை வாசகர், யோயோகி-உவேஹாரா நிலையத்துக்கு அருகிலுள்ள டோக்கியோ ஜாமிப் பள்ளிவாசலுக்குச் செல்லலாம். 1938-இல் அமைந்து, துருக்கிய முறைப்படி 2000-ஆம் ஆண்டில் புதிதாகக் கட்டப்பட்ட அழகிய பள்ளிவாசல் அது. அதனோடு சேர்ந்தாற் போல ஹலால் பொருட்கடையும் இருக்கிறது.

எந்தக் கோபுரத்தில் ஏறுவது?
– மாணவன், கண்டி

634 மீற்றர் உயரமான ஸ்கைட்ரீயும் 333 மீற்றர் உயரமான டோக்கியோ கோபுரமும் கீழிருந்து பார்ப்பதற்கே அழகானவை. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் ஷின்ஜுக்குவிலுள்ள மாநகர அரசுக் கட்டடத்தின் 45-ஆம் மாடிக்குச் செல்லுங்கள். 202 மீற்றர் உயரத்திலிருந்து இலவசமாக நகரைப் பார்க்கலாம். குளிர்காலக் காலை வேளையில் 3,776 மீற்றர் உயர ஃபுஜி மலையும் தெரியும். மேகமூட்டமான நாளில் எந்தக் கோபுரத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். ஜப்பானின் தேயிலையையும் பார்க்க ஆசை. டோக்கியோவுக்கு அருகில் பார்க்க முடியுமா?
– தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன், மஸ்கெலியா

இக்கடிதத்துக்காகவே இவ்விதழின் பக்கங்களைக் கூட்டிக் கேட்டிருந்தேன். முடியும். இக்கெபுக்குரோ நிலையத்திலிருந்து சேபு பாதையில் முக்கால் மணி நேரத்துக்குள் இருமா நகரை அடையலாம். சயாமா தேயிலை விளையும் பகுதி அது. மலைச்சரிவை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பெரும்பாலும் சமதரையில், வளைந்த முதுகு போல வெட்டிவிடப்பட்ட நீண்ட வரிசைகளாகச் செடிகள் நிற்கும். கொழுந்தை இயந்திரத்தால் கத்தரித்து எடுக்கிறார்கள். குளிர் மிகுந்த இடமாதலால் ஆண்டுக்குப் பெரும்பாலும் இரண்டு முறைதான் கொழுந்தெடுப்பு. மே மாதத் தொடக்கத்தில் வரும் முதற்கொழுந்துக்கே மதிப்பு அதிகம். வரிசைகளுக்கிடையே உயர்ந்த கம்பங்களில் மின்விசிறிகள் பொருத்தியிருப்பதைக் காண்பீர்கள். உறைபனி இறங்கும் இரவுகளில், மேலே நிற்கும் சற்று வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளித் தளிர் கருகாமல் காப்பதற்காக அவை சுழல்கின்றன. சனவரிப் பனியில் நுவரெலியாப் பக்கத்து மலைகள் கருகி நிற்பதைப் பார்த்தவர்கள் அவ்விசிறிகளை அண்ணாந்து பார்க்காமல் நகர மாட்டார்கள்.

செடி நமதும் அவர்களதும் ஒன்றே. நம் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, பின்னர் சூடாக்கி உலர்த்துவதால் கறுப்புத் தேயிலை கிடைக்கிறது. அவர்கள் பறித்த கையோடு நீராவியில் அவித்து விடுவதால் பச்சை நிறம் மாறாமல் நின்றுவிடுகிறது. ஆனால் நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வேறொன்று. சயாமாவில் விவசாயக் குடும்பங்களே சொந்த நிலத்தில் பயிரிட்டு, சொந்தச் சாலையில் பதப்படுத்தி, சொந்தக் கடையில் விற்பது நெடுநாள் வழக்கம். நிலம், கொழுந்து, தூள், விலை ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கின்றன. இருநூறு ஆண்டுகளாக இம்மண்ணில் உழைத்தும் தமக்கென ஒரு துண்டு நிலத்துக்காக இன்னும் கேட்டு நிற்கும் சமூகத்திலிருந்து செல்லும் நீங்கள், அக்கடைகளில் ஒன்றில் உட்கார்ந்து, அவர்கள் கணக்கு வழக்கை எப்படி நடத்துகிறார்கள், இளையவர்கள் தொழிலில் நிற்கிறார்களா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அதனை இவ்விதழிலேயே வெளியிட விரும்புகிறோம்.

நகரை விட்டு வெளியேற நேரமில்லாதவர்கள், ஹமரிக்யூ தோட்டத்தின் குளத்து நடுவிலுள்ள தேநீர் மண்டபத்தில் மச்சா என்னும் பச்சைத் தேயிலைத்தூள் தேநீரை அருந்தலாம். கடல்நீர் ஏறி இறங்கும் குளம் அது. இனிப்பை முதலில் உண்டுவிட்டுக் கிண்ணத்தை இரு கையாலும் எடுத்துக் குடியுங்கள்.

பூமியதிர்ச்சி வந்தால் என்ன செய்வது? அந்தப் பயத்திலேயே வீட்டில் அனுமதி தர மறுக்கிறார்கள்.
– வாசகி, வெலிமடை

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் நாம் வீட்டை விட்டு உடனே வெளியேறுகிறோம். பூமியதிர்ச்சியில் அவ்வாறு செய்யக் கூடாது. மேசைக்கு அடியில் புகுந்து, தலையைக் காத்து, அதிர்வு அடங்கும்வரை உள்ளேயே இருக்க வேண்டும். தெருவுக்கு ஓடுபவர்கள் மீதுதான் கண்ணாடியும் பெயர்ப்பலகையும் விழும். மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது. 1981-இல் கட்டடச் சட்டம் கடுமையாக்கப்பட்ட பின்னர் எழுந்த கட்டடங்கள் பெரிய அதிர்வையும் தாங்கும் வகையில் அமைக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள்: இங்கே பொலிஸுக்கு 119, தீயணைப்புக்கு 110. ஜப்பானில் பொலிஸுக்கு 110, தீயணைப்புக்கும் அம்பியூலன்ஸுக்கும் 119. பதற்றத்தில் விரல் பழக்கமான எண்ணுக்கே போகும் என்பதால் கைபேசியில் இப்போதே பெயரிட்டுப் பதிந்து வையுங்கள்.

ஒரு நாள் நகருக்கு வெளியே போவதானால் எங்கே போகலாம்?
– வாசகர், பண்டாரவளை

கமக்குரா. டோக்கியோவிலிருந்து ஒரு மணி நேரம். திறந்த வானத்தின் கீழ் அமர்ந்திருக்கும் வெண்கலப் புத்தர் 13-ஆம் நூற்றாண்டில் வார்க்கப்பட்டவர். பீடத்தை விடுத்தே 11 மீற்றருக்கு மேல் உயரம். அவ்வளாகத்தில் ஜே.ஆர். ஜயவர்தனவுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானுடன் சமாதான உடன்படிக்கை செய்ய 1951-இல் கூடிய சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், பகைமை பகைமையால் தணிவதில்லை, அன்பினாலேயே தணியும் என்ற புத்தரின் வாக்கை எடுத்துக்காட்டி, ஜப்பானிடமிருந்து இழப்பீடு கோராமல் இலங்கை விலகிய நிகழ்வை அது நினைவுபடுத்துகிறது. இலங்கையர் எவரும் அக்கல்லின் முன் சிறிது நேரம் நிற்க வேண்டும். தக்காவோ மலைக்கும் பலர் போகிறார்கள். 599 மீற்றர்தான் உயரம். சிவனொளிபாத மலை ஏறிய கால்களுக்கு அது காலை நடை.

கைபேசி மின்னேற்றி, பணம், விமான நிலையம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
– வாசகர், மாத்தளை

அங்கே மின்னழுத்தம் 100 வோல்ட். இரண்டு தட்டைக் கம்பிகள் கொண்ட பிளக் தேவை. மின்னேற்றியில் 100–240 என்று அச்சிடப்பட்டிருந்தால் மாற்றுப் பிளக் மட்டும் போதும். வங்கி அட்டை வேலை செய்யாத இடங்களும் இருப்பதால் கொஞ்சம் யென் நோட்டு கையில் இருக்கட்டும். செவன்-இலெவன் கடைகளின் இயந்திரங்களில் வெளிநாட்டு அட்டையால் பணம் எடுக்கலாம். எங்கும் சன்மானம் கொடுக்க வேண்டாம். தெருவில் குப்பைத்தொட்டி அரிது என்பதால் பையில் ஒரு சிறு உறை வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு வீசா கட்டாயம். பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்னரே கொழும்பிலுள்ள ஜப்பானியத் தூதரகத்தின் விதிமுறைகளைப் பாருங்கள். நரிட்டா விமான நிலையம் நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. யமனோத்தே வட்டத்திலுள்ள நிப்போரி நிலையத்திலிருந்து விரைவு வண்டியில் சுமார் 40 நிமிடங்கள். நள்ளிரவு கடந்தபின் புகையிரதங்கள் நின்றுவிட்டால் காலை ஐந்து மணிவாக்கில்தான் மீண்டும் ஓடும். ஆகவே அதிகாலை விமானமாயின் முதல் நாளிரவே விமான நிலையத்துக்கு அருகில் தங்கிவிடுவது நல்லது.